இரண்டு நாள்காட்டிகள், ஒரு வீடு: கீமோதெரபிக் காலத்தில் தத்தெடுத்த நாய்

கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் நாயைத் தத்தெடுக்கலாமா என்று கேட்டால் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். தொற்றுக்கு அஞ்சுபவர்கள் கூடவே கூடாது என்பார்கள். நாய் வளர்த்துப் பழகியவர்கள் அதைவிட நல்ல மருந்து கிடையாது என்பார்கள். இரு தரப்பும் நாய் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே நின்றுவிடுவதால், எந்த நாய், சிகிச்சையின் எந்த நாளில், யாருடைய துணையோடு வீட்டுக்கு வருகிறது என்ற கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. பாதுகாப்பும் ஆபத்தும் இந்த மூன்றைப் பொறுத்தே அமைகின்றன. அவற்றுள்ளும் நாள் கணக்குக்கே நான் முதலிடம் கொடுப்பேன். கீமோதெரபிக்கு ஒரு நாள்காட்டி இருக்கிறது, புது வீட்டுக்கு வந்த நாய்க்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்காமல் எடுக்கும் முடிவு, எந்தப் பக்கமாக எடுக்கப்பட்டாலும், அரைகுறையானதே.

இந்த நிலைக்கு மக்கள் வந்து சேரும் வழிகளும் பலவகை. சிலர் காப்பகத்தில் விண்ணப்பித்துப் பல மாதங்கள் காத்திருந்து, நாய் கிடைத்த அதே வாரத்தில் நோய் இருப்பதை அறிகிறார்கள். சிலர், இனி ஆறு மாதம் வீட்டில்தானே இருக்கப் போகிறோம், இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று எண்ணி நாயைத் தேடத் தொடங்குகிறார்கள். வேறு சிலருக்கு, நாள் முழுதும் தன்னை நோயாளியாகவே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், நோய் என்றால் என்னவென்றே தெரியாத ஓர் உயிர் தேவைப்படுகிறது. இவற்றில் எதையும் விவேகமற்றது என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டாவது வகையினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் இருப்பது ஒன்று, நாயைப் பார்த்துக்கொள்ளும் உடல்நிலையில் இருப்பது வேறொன்று.

மருந்தின் நாள்காட்டி

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய்ச் செல்கள் அப்படிப் பெருகுபவை. எலும்பு மஜ்ஜை, வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், மயிர்க்கால்கள் ஆகியவற்றின் செல்களும் அப்படியே. வெள்ளை அணுக்கள் குறைவதை இந்தச் சிகிச்சையின் தற்செயலான பின்விளைவாக மட்டும் பார்ப்பது சரியன்று, ஏனெனில் இந்தச் சிகிச்சை முறையே அந்த விளைவிலிருந்துதான் பிறந்தது. முதல் உலகப் போரில் மஸ்டர்ட் வாயு என்னும் நச்சு வாயுவுக்கு ஆளானவர்களின் எலும்பு மஜ்ஜையும் நிணநீர்த் திசுக்களும் அழிந்திருந்ததைக் கண்ட பிறகு, அதே குடும்பத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்ட் என்னும் சேர்மத்தை 1942ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் நிணநீர்ப் புற்றுநோய் கொண்ட ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றைய கீமோதெரபியின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தச் சோதனை கருதப்படுகிறது.

வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்னும் வகையே பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்வது. அது இரத்த ஓட்டத்தில் ஒரு நாள்கூட முழுதாக வாழ்வதில்லை என்பதால், மஜ்ஜையில் உற்பத்தி தடைபட்டால் விரைவில் கையிருப்பு தீர்ந்துபோகிறது. 120 நாள் வரை வாழும் சிவப்பணுக்கள் மெதுவாகவே குறைவதும், 7 முதல் 10 நாள் வரை வாழும் தட்டணுக்கள் இடைப்பட்ட வேகத்தில் குறைவதும் இதே கணக்கின்படிதான். 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றப்படும் வழக்கமான சிகிச்சையை எடுத்துக்கொண்டால், முதல் இரண்டு மூன்று நாள்கள் குமட்டலைத் தடுக்கக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டின் தயவில் ஒருவித முறுக்கோடும் தூக்கமின்மையோடும் கழியும். அதன் வேகம் இறங்கியதும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உடல் சரிந்து படுக்கும். ஏறத்தாழ 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை நியூட்ரோஃபில் எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும். மூன்றாவது வாரத்தில் எண்ணிக்கையும் மனிதரும் ஓரளவு எழுந்து உட்கார்வார்கள். அதற்குள் அடுத்த ஊசி வந்துவிடும். மருந்தின் கலவைக்கு ஏற்ப இந்த நாள்கள் முன்பின் ஆகும். வாரந்தோறும் மருந்து ஏற்றுபவர்களுக்கும் நாள்தோறும் மாத்திரை விழுங்குபவர்களுக்கும் ஏற்ற இறக்கம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. வெள்ளை அணுக்களைப் பெருக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் பள்ளத்தின் ஆழம் குறையும். எனவே தன் சிகிச்சையில் அணுக்கள் மிகவும் குறையும் நாள்கள் எவை என்று புற்றுநோய் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் நாயைப் பற்றிய எந்தத் திட்டத்துக்கும் முதல் படி.

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் நியூட்ரோஃபில் 1,500க்குக் கீழே போனால் குறைவு என்றும், 500க்குக் கீழே போனால் கடுமையான குறைவு என்றும் கொள்வது வழக்கம். அந்த நிலையில் உடல் வெப்பம் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, 38 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றாலோ அது அவசர நிலை; நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சீழ் பிடிக்கவும் சிவந்து வீங்கவும் வெள்ளை அணுக்களே தேவைப்படுவதால், அவை இல்லாதவருக்கு நாயின் நகக் கீறல் பார்ப்பதற்குச் சாதுவாகவே இருக்கும். காய்ச்சல் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும் அடையாளம்.

நாயின் நாள்காட்டி

காப்பகங்களில் வேலை செய்பவர்கள் புதிய நாயைப் பற்றி மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆய்வில் நிறுவப்பட்ட விதி என்று அதைச் சொல்ல முடியாது, அனுபவத்தில் திரண்ட வழிகாட்டி அது. முதல் மூன்று நாள்கள் நாய் மிரண்டு கிடக்கும். உண்ணாமலும் மூலையை விட்டு வராமலும் இருக்கலாம். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்களையும் ஆட்களையும் புரிந்துகொள்ளும். மூன்று மாதத்தில்தான் இது தன் வீடு என்ற நிலைக்கு வரும். இதில் புதிதாக நாய் வளர்ப்பவர்களை ஏமாற்றுவது முதல் கட்டம். பயத்தில் ஒடுங்கியிருக்கும் நாயைச் சாதுவான நாய் என்று நம்பிவிடுகிறார்கள். பயம் தெளிந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் அது உணவுத் தட்டருகே உறுமுகிறதா, ஆள் மேல் தாவுகிறதா, தனியே விட்டால் கதவைப் பிறாண்டுகிறதா என்பதெல்லாம் வெளிப்படும்.

இந்த நாள்காட்டிக்குள் உடல்நலம் சார்ந்த ஒரு கணக்கும் மறைந்திருக்கிறது. காப்பகத்தில் பல நாய்களோடு இருந்துவிட்டு வரும் நாய்க்கு ஏதேனும் தொற்று அங்கேயே ஏற்பட்டிருந்தால், அது வெளித்தெரிய நாளாகும். நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸுக்கு ஏறத்தாழ 3 முதல் 7 நாளும், நாய்களுக்கிடையே பரவும் மூச்சுக்குழல் தொற்றான காப்பக இருமலுக்கு இரண்டு வாரம் வரையும் ஆகலாம். பார்வோ மனிதருக்குத் தொற்றாது என்பது உண்மைதான். ஆனால் வயிற்றுப்போக்கோடு கிடக்கும் நாயைத் துடைத்து எடுப்பது யார் என்ற கேள்வி தொற்றும் கிருமிக்கும் தொற்றாத கிருமிக்கும் பொதுவானது. கிருமி எதுவும் இல்லாவிட்டாலும்கூட, இடமாற்றமும் உணவு மாற்றமும் சேர்ந்து முதல் வாரத்தில் நாயின் வயிற்றைக் கலக்கிவிடுவது மிகச் சாதாரணம்.

இனி இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். மருந்து ஏற்றிய மறுநாள், ஸ்டீராய்டு தந்த உற்சாகத்தில், நாயை அழைத்து வந்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் நாய் மிரண்டு கிடக்கும் நாள்களில் மனிதரும் படுக்கையில் கிடப்பார். நாயின் வயிறு கலங்கும் வாரத்தில் அவருடைய அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். நாய் துணிந்து தாவத் தொடங்கும் நாளில் அடுத்த ஊசி. மூன்றாவது வாரத்தின் தொடக்கத்தில் நாய் வந்தால், மிரட்சியான முதல் நாள்களுக்கு ஓரளவு தெம்புள்ள மனிதர் கிடைப்பார். அடுத்த பள்ளம் வரும்போது வீட்டில் நாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகியிருக்கும், உடல்நலக் கேள்விகளும் பெரும்பாலும் தெளிந்திருக்கும். எல்லாவற்றிலும் நல்லது, சிகிச்சை தொடங்குவதற்கு ஒரு மாதமாவது முன்பாகவோ, முடிந்து அணுக்கள் மீண்ட பிறகோ வருவது. ஆனால் சிகிச்சையைத் தொடங்கும் நாளை நாய்க்காகத் தள்ளிப்போடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இரத்தப் புற்றுநோய்க்கான தீவிரச் சிகிச்சையில் இருப்பவர்களும், எலும்பு மஜ்ஜை அல்லது ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். அவர்களுடைய எதிர்ப்பாற்றல் மீளப் பல மாதங்கள் ஆகும் என்பதால், புதிய பிராணியை வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தள்ளிப்போடும்படியே மருத்துவர்கள் சொல்வார்கள்.

எந்த நாய்

குட்டி வேண்டாம் என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் தவிர்க்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரையும்கூட. குட்டிகள் ஊசி போன்ற பாற்பற்களால் விளையாட்டாகக் கடிக்கும். கேம்பைலோபாக்டர் போன்ற குடல் கிருமிகள் அவற்றிடம் அதிகம். உருண்டைப் புழுக்களைத் தாயின் வயிற்றிலிருந்தே வாங்கிக்கொண்டு பிறக்கும். இரவில் இருமுறை எழுப்பும். மூன்று நான்கு வயது கடந்த, வேறொரு வீட்டில் ஏற்கெனவே வாழ்ந்து பழகிய, நடக்கும்போது இழுக்காத நாய்தான் பொருத்தம். கிழட்டு நாய்களைக் காப்பகத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பதால், இந்த ஒரு விஷயத்தில் நோயாளியின் தேவையும் நாயின் தேவையும் சேர்ந்துகொள்கின்றன.

நாய் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும். அழைத்துப் போவது நோயாளியாக இருக்கக் கூடாது. மலப் பரிசோதனை, குடற்புழு நீக்கம், உண்ணி மற்றும் தெள்ளுப்பூச்சிக்கான மருந்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, தோலில் படர்தாமரை இருக்கிறதா என்ற சோதனை ஆகியவை அங்கே முடிய வேண்டும். வீட்டில் ஒருவர் கீமோதெரபியில் இருக்கிறார் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்வது முக்கியம். காப்பக இருமலுக்கான தடுப்பு மருந்துகளில் மூக்கில் விடும் வகை உயிருள்ள பாக்டீரியாவைக் கொண்டது. மிக அரிதாக அது மனிதரைப் பாதிக்கலாம் என்பதால், விவரம் தெரிந்த மருத்துவர் வேறு வகையைத் தேர்ந்தெடுப்பார், அல்லது மருந்து கொடுக்கும் அறையில் நோயாளி இருக்க வேண்டாம் என்பார்.

நாயிடமிருந்து மனிதருக்கு

நாயோடு இருப்பதாலேயே பெருந்தொற்று வந்துவிடும் என்ற அச்சம் மிகையானது. கீமோதெரபிக் காலத்தில் வரும் தொற்றுகளில் பெரும்பங்கு நோயாளியின் சொந்தக் குடலிலும் தோலிலும் ஏற்கெனவே வாழும் கிருமிகளாலேயே வருகிறது. ஆனாலும் நாய்க்கென்று சில தனிக் கிருமிகள் உண்டு. அவற்றில் கேப்னோசைட்டோபேகா கேனிமோர்சஸ் என்பதைப் பற்றி நாய் வளர்ப்பவர்களே பெரும்பாலும் கேள்விப்பட்டிருப்பதில்லை. ஆரோக்கியமான நாய்களின் வாயில் இயல்பாக வாழும் இந்தப் பாக்டீரியாவால் மனிதருக்கு ஏற்பட்ட முதல் தொற்று 1976ஆம் ஆண்டில் பதிவாயிற்று. நாய்க்கடி என்று பொருள்படும் இலத்தீன் பெயர் 1989ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது. சாதாரண மனிதருக்கு இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் சரிந்தவர்களுக்கும் இரத்தத்தில் பரவினால் மிக வேகமாக உயிருக்கே ஆபத்தாக முடியும். கடிதான் முதன்மையான வழி என்றாலும், திறந்த புண்ணை நக்குவதும் போதும்.

இதனால்தான் நக்குதல் என்ற சின்ன விஷயம் இங்கே பெரிதாகிறது. கீமோதெரபி வாய்ப்புண்ணை உண்டாக்கும். கை கால் தோல் வெடிக்கும். ஊசி குத்திய இடங்கள் இருக்கும். ஆகவே முகத்தையும் வாயையும் நக்க விடுவதில்லை என்பதை முதல் நாளிலிருந்தே வீட்டின் வழக்கமாக்கிவிட வேண்டும். மூன்று மாதம் நக்கிப் பழகிய நாயிடம் திடீரென்று தடை போடுவது இருவருக்குமே துன்பம். நாயின் நகங்களை வெட்டி மழுங்க வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கீறலோ கடியோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, ஆழமில்லை என்று தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய் இருக்கும் இடங்களில் 15 நிமிடம் கழுவுவதும் உடனே தடுப்பூசி தொடங்குவதும் எல்லோருக்கும் பொது. அந்தத் தடுப்பூசி உயிரற்ற வைரஸால் ஆனது என்பதால் கீமோதெரபியில் இருப்பவரும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவருடைய உடல் போதிய எதிர்ப்பொருளை உண்டாக்காமல் போகலாம் என்பதால், தன் சிகிச்சையைப் பற்றி ஊசி போடுபவரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது.

நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கும் பழக்கம் சால்மொனெல்லா என்னும் குடல் கிருமியை வீட்டுக்குள் அழைத்துவரும் நேர்வழி. சிகிச்சை முடியும் வரை வேகவைத்ததோ, ஆலையில் பதப்படுத்திய உலர் உணவோதான். மலம் அள்ளுவது வேறொருவர் வேலை. வேறு யாருமே இல்லாத நாளில் கையுறை போட்டுக்கொண்டு, மலம் விழுந்த அன்றே அள்ளிவிட வேண்டும். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்த பிறகே தொற்றும் நிலையை அடைகிறது என்பதால், நாள்தோறும் அள்ளிச் சுத்தமாக வைத்த இடத்தில் அந்த ஆபத்து ஏறக்குறைய இல்லாமலே போகிறது. கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுவதற்குக் கிருமிநாசினித் திரவம் ஈடாகாது. ஆல்கஹால் கலந்த அந்தத் திரவம் புழு முட்டைகளையும் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற குடல் ஒட்டுண்ணிகளையும் ஒன்றும் செய்வதில்லை.

படுக்கையில் நாயைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பதுதான் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. அணுக்கள் குறைந்த வாரத்தில் வேண்டாம் என்பது பாதுகாப்பான விடை. ஆனால் ஒரு வாரம் கட்டிலில், மறு வாரம் தரையில் என்ற மாற்றம் நாய்க்குப் புரியாது. கட்டிலின் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், அதற்கென்று ஒரு மெத்தை போட்டுவிட்டால் எல்லா வாரத்துக்கும் ஒரே விதி போதும்.

மனிதரிடமிருந்து நாய்க்கு

ஆபத்து எதிர்த் திசையிலும் பாய்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. நாய்களுக்கு வரும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் போன்ற அதே மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள். அளவின்றி, தேவையின்றி, நோயற்ற நாயின் உடலுக்குள் போகும்போது அதே மருந்து நஞ்சு. ஏற்றப்பட்ட மருந்தின் ஒரு பகுதி சிறுநீர், மலம், வாந்தி, வியர்வை வழியே வெளியேறுகிறது. பெரும்பாலான மருந்துகளுக்கு முதல் 48 மணி நேரத்தைக் கவனத்துக்குரியதாகக் கொள்கிறார்கள், சிலவற்றுக்கு இன்னும் நீளும். டாக்ஸோரூபிசின் ஏற்றியவருக்குச் சிறுநீர் ஓரிரு நாள் சிவந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். எனவே கழிப்பறைக் கோப்பையில் வாய் வைத்து நீர் குடிக்கும் நாய்கள் உள்ள வீட்டில் மூடியை இறக்கி இருமுறை நீர் விட வேண்டும். கதவைச் சாத்தியே வைத்திருப்பது அதைவிட எளிது. குமட்டலுக்காகப் படுக்கையருகே வைத்த பாத்திரத்தை உடனே அகற்றிவிட வேண்டும். வாந்தி பட்ட துணியைக் கையுறையோடு எடுத்துத் தனியே துவைக்க வேண்டும். நாயைத் தடவிக்கொடுப்பதாலோ அது மடியில் படுத்துக்கொள்வதாலோ கெடுதல் ஒன்றும் இல்லை. அந்த 48 மணி நேரத்தைக் காரணம் காட்டி நாயை வேறு அறையில் பூட்டி வைப்பவர்கள் தேவையின்றி இருவரையும் வதைக்கிறார்கள்.

மாத்திரைகள் இதைவிடப் பெரிய ஆபத்து, ஏனெனில் அங்கே மருந்து நீர்த்துப்போகாமல் முழுமையாக இருக்கிறது. ஃப்ளூரோயூராசில் என்னும் புற்றுநோய் மருந்து நாய்களுக்குக் கொடிய நஞ்சு. தோலில் தடவும் அதன் களிம்புக் குழாயைக் கடித்த நாய்கள் வலிப்பு வந்து, சில மணி நேரத்தில் இறந்திருப்பது பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017ஆம் ஆண்டில் எச்சரிக்கை வெளியிட்டது. குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குப் பரவலாகத் தரப்படும் கேபசிட்டபின் மாத்திரை உடலுக்குள் போய் ஃப்ளூரோயூராசிலாக மாறுவதுதான். நாளின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பெட்டிகளில் மாத்திரையைப் பிரித்து வைக்கும் வழக்கம் மனிதருக்கு உதவியானது. புது வீட்டில் கிடைத்ததையெல்லாம் மென்று பார்க்கும் நாய்க்கு அது கிலுகிலுப்பை. மூடியுள்ள அலமாரியே அதற்கு இடம். வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டைகளைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போடுவதும் இதே வகை ஆபத்து, கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும்.

இன்னொன்று மருந்துச் சீட்டில் வராமலே வீட்டுக்குள் வந்துவிடும். வாய் வறட்சிக்கும் வாயில் தங்கும் உலோகச் சுவைக்கும் சர்க்கரையில்லாத மிட்டாய், சூயிங்கம், வாய்க் களிம்பு எனப் பலவற்றை நோயாளிகள் கையருகே வைத்திருப்பார்கள். அவற்றில் பல சைலிடால் என்னும் இனிப்பூட்டி கொண்டவை. மனிதருக்குத் தீங்கற்ற அது, நாயின் உடலில் இன்சுலினைத் திடீரெனச் சுரக்கச் செய்து இரத்தச் சர்க்கரையை வீழ்த்துகிறது. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் போதும். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு கிராம். சில வகைச் சூயிங்கம்களில் இரண்டு மூன்று துண்டுகளிலேயே அந்த அளவு சேர்ந்துவிடும். லேபிளில் சைலிடால் என்றிருந்தால் அந்தப் பொருள் வீட்டுக்கு வராமல் இருப்பதே உத்தமம்.

கயிறு பிடிக்கும் கை

நடைப்பயிற்சி பற்றிப் பேசும்போது எல்லோரும் சோர்வைப் பற்றியே பேசுகிறார்கள்; கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேக்லிடாக்செல், வின்கிரிஸ்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் விரல் நுனி நரம்புகளை மரக்கச் செய்யும். கயிற்றை இறுகப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது நழுவியிருக்கும். அதற்காகக் கயிற்றைக் கையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்வது இன்னும் கேடு. நாய் இழுத்தால் விரல் முறியும், அல்லது ஆளே விழுவார். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 50,000க்குக் கீழே இருக்கும் நாளில், அல்லது எலும்புக்குப் பரவிய நோய் இருப்பவருக்கு, அந்த ஒரு விழுதல் போதும். கேபசிட்டபினால் உள்ளங்கை சிவந்து வெடித்தவருக்கு நைலான் கயிறு அரம் போல இருக்கும். ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய நாள்களில் குளிர்ந்த உலோகக் கொக்கியைத் தொட்டாலே விரல் சுளீரென்னும். அகலமான, மென்மையான பிடியுள்ள கயிறும், கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பின் முன்புறம் கொக்கி மாட்டும் கச்சையும், பருத்திக் கையுறையும் இவற்றில் பாதியைத் தீர்க்கும். மீதிப் பாதியைத் தீர்ப்பது நாயின் எடை.

மருந்து ஏற்றுவதற்கான பிக் லைன் என்னும் மெல்லிய குழாய் மேற்கையில் பொருத்தப்பட்டிருந்தால் அந்தக் கையால் கயிறு பிடிக்கவே கூடாது. மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட் என்னும் சிறு கருவி மார்பில் உள்ளவர்கள் சாய்ந்து படுத்திருக்கும்போது நாய் மேலே தாவி ஏறாமல் ஒரு தலையணையை மார்பில் அணைத்துக்கொள்வது நல்லது. அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கையில் படும் கீறலும் திடீர் இழுப்பும் கைவீக்கத்தைத் தூண்டக்கூடும். அவர்கள் நாயை எப்போதும் மறுபக்கத்தில் நடக்கப் பழக்கிவிட வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், நடக்க முடிகிற நாளில் நடப்பது நல்லது என்பதே உண்மை. கீமோதெரபியின் சோர்வு ஓய்வால் தீர்வதில்லை; மிதமான உடற்பயிற்சி அதைக் குறைக்கிறது என்பது புற்றுநோய் மருத்துவத்தில் நன்கு நிலைபெற்ற செய்தி. மருத்துவர் சொல்லி எழாதவரை நாய் எழுப்பிவிடும். நாயைப் பற்றிச் சொல்லப்படும் பெரிய பெருமைகளைவிட இந்தச் சிறிய பயனைத்தான் நான் நம்புகிறேன். நாயும் மனிதரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவரிடமும் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் உயர்கிறது என்று 2015ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது உண்மை. அதிலிருந்து கட்டி கரையும் என்று கதை கட்டிவிடுபவர்களிடமிருந்து விலகி நிற்பது நல்லது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயை முகர்ந்து கண்டுபிடிக்கப் பழக்கிய நாய்களை வைத்து 2004ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அவை சரியாகச் சொன்னது 41 விழுக்காடு. தற்செயலாகவே 14 விழுக்காடு சரியாகியிருக்கும் என்ற நிலையில் அது வியப்புக்குரியதுதான். ஆனால் பழக்கப்படாத வீட்டு நாய் நெருங்கி வந்தாலும் விலகிப் போனாலும், நோய் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று அதில் குறி பார்க்க வேண்டாம். மருந்து ஏற்றிய நாளில் நம்மிடமிருந்து வரும் வாசனைகள் பல. அவற்றில் எது நாய்க்குப் பிடிக்கவில்லையோ யார் கண்டது.

படுக்கையிலிருந்தே பழக்குதல்

நாயைப் பழக்குவதற்கு ஓட வேண்டியதில்லை; நேரம் தவறாமல் இருந்தால் போதும். தன் மெத்தையில் போய்ப் படுப்பது, தாவாமல் உட்கார்வது, வாயில் கவ்வியதை விடுவது ஆகிய மூன்றையும் சாய்ந்த நாற்காலியிலிருந்தே, ஒருமுறைக்கு ஐந்து நிமிடமாக, கற்றுக்கொடுத்துவிடலாம். குமட்டல் நாள்களில் நாய் உணவின் நாற்றமே தாங்காது என்பதால், வெகுமதியாகக் கொடுக்கும் துண்டுகள் உலர்ந்ததாகவும் வாசனை குறைந்ததாகவும் இருக்கட்டும். முடி உதிர்ந்த தலை நாய்க்குப் பொருட்டே அல்ல, ஆளை அது மூக்கால் அறிகிறது. ஆனால் திடீரென்று போட்டுக்கொள்ளும் தொப்பியையும் முகக்கவசத்தையும் கண்டு புது நாய் குரைக்கலாம். அவற்றை முன்கூட்டியே மோந்து பார்க்கக் கொடுத்தால் தீர்ந்தது.

உண்மையான சிக்கல் பிரிவு. சிகிச்சையில் இருப்பவர் எந்நேரமும் வீட்டில் இருப்பதால் நாய் அவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒருநாள் மருந்தேற்றத்துக்காக ஆறு மணி நேரமும், காய்ச்சல் வந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் ஐந்தாறு நாளும் அவர் காணாமல் போவார். மூன்று வாரம்கூட ஆகாத நாய்க்கு அது இரண்டாவது முறை கைவிடப்பட்டது போலத்தான். எனவே வந்த முதல் வாரத்திலேயே, உடல் நன்றாக இருந்தாலும்கூட, நாள்தோறும் சில நிமிடம் தொடங்கிப் படிப்படியாக நீட்டி, நாயை வேறொரு அறையில் தனியே இருக்கப் பழக்க வேண்டும். ஒரு வேளை உணவை எப்போதும் இன்னொருவர் கையாலேயே கொடுக்க வேண்டும்.

அந்த இன்னொருவர் யார் என்பதற்கு விடை இல்லாத வீட்டில் நாயைத் தத்தெடுக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. உதவுகிறேன் என்று பொதுவாகச் சொன்ன பத்துப் பேர் இதற்குப் போதமாட்டார்கள். வீட்டுச் சாவி கையில் இருக்கும், நாய் ஏற்கெனவே மோந்து பழகிய, இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுக்கும் ஒருவர் வேண்டும். உணவின் அளவு, நடக்கும் நேரம், கால்நடை மருத்துவரின் எண், எதைக் கண்டால் பயப்படும் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காதபோது, காப்பகங்கள் சில நடத்தும் தற்காலிக வளர்ப்பு முறையில் சேர்ந்து, நல்ல வாரங்களில் மட்டும் ஒரு நாயை வைத்துக்கொள்வது மோசமான மாற்று அன்று. தத்தெடுத்த பிறகு முடியாமல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தவர்கள் அந்தக் குற்ற உணர்வைச் சிகிச்சையின் மேல் இன்னொரு சுமையாகத் தூக்கித் திரிவதைப் பார்க்க, முன்கூட்டியே காப்பகத்திடம் நிலைமையை ஒளிக்காமல் சொல்லி, தேவைப்பட்டால் நாயை எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

கடைசிச் சுற்று முடிந்த அன்றே எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. அணுக்கள் மீளச் சில வாரங்களும், மரத்த விரல்கள் தெளியப் பல மாதங்களும் ஆகலாம் என்பதால், மலம் அள்ளும் கையுறையையும் அகலமான கயிற்றையும் மருத்துவர் சொல்லும் வரை எடுத்து வைத்துவிட வேண்டாம். அதற்குள் நாய் நான்காவது, ஐந்தாவது மாதத்துக்கு வந்து, வீட்டின் ஒலிகளையெல்லாம் கற்றிருக்கும். பகல் முழுதும் ஆள் பக்கத்தில் இருப்பதே உலக வழக்கம் என்று அது நம்பியிருக்கும் அந்தச் சமயத்தில்தான் மனிதர் வேலைக்குத் திரும்பத் தயாராவார். ஆகவே திரும்பும் தேதி முடிவானவுடன், அதற்கு மூன்று வாரம் முன்பே, செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் வரும் பயிற்சியை மறுபடியும் தொடங்க வேண்டும்.